பண்டாரவன்னியன்: வரலாறும் இலக்கியப் படிமமும்

போர்க்காலத் தலைவர் ஒருவரின் வாழ்வு அவரது மரணத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதன் பின்னரே அவருக்கு இரண்டாவது வாழ்வொன்று தொடங்குகிறது. கல்வெட்டிலும் ஏட்டிலும், கூத்திலும் நாடகத்திலும், சிலையிலும் விழாவிலும் அவர் மீண்டும் பிறக்கிறார். இவ்விரண்டாவது வாழ்வை ஆக்குவோர் அவரோடு களத்தில் நின்றவர்கள் அல்லர்; பிற்காலத்தவர். ஆதலின் அவ்வாழ்வில் தலைவரின் முகத்தைவிட அவரை நினைவுகூர்ந்த காலத்தின் முகமே தெளிவாகத் தெரிவதுண்டு. இவ்வுண்மையை வன்னியின் வீரன் எனப் போற்றப்படும் பண்டாரவன்னியன் பற்றிய நினைவுச் சின்னங்களையும் படைப்புக்களையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவனது வீரத்தை ஐயுறுவது எமது கருத்தன்று. அவ்வீரத்தை நாம் எவ்வாறு சொல்லி வந்துள்ளோம், அவ்வாறு சொன்னதால் எதனைப் பெற்றோம், எதனை இழந்தோம் என்பனவே ஈண்டு எழுப்பப்படும் வினாக்கள்.

வரலாற்றுப் பின்னணி

முதலில் வரலாறு உறுதியாகத் தரும் செய்திகளைச் சுருங்கக் கூறுதல் தகும். யாழ்ப்பாண அரசுக்கும் கண்டி அரசுக்கும் இடைப்பட்ட காட்டு நிலத்தில் வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்கள் நெடுங்காலம் ஆட்சி செலுத்தினர். போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் அவர்கள் யானைகளைத் திறையாக அளித்தனர். அளிக்காது காலங் கடத்தியதும் உண்டு. காட்டில் பிடிக்கப்பட்ட யானை யாழ்ப்பாணத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டது. வன்னி மீது அந்நியர் கொண்ட அக்கறையின் பொருளியல் அடிப்படை இதுவே. 1782இல் ஒல்லாந்தர் படை நடத்தி வன்னிமைகளை ஒடுக்கினர். அதன் பின்னர் வன்னி நாகெல் என்னும் ஒல்லாந்த அதிகாரியின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது. 1795இல் திருகோணமலையும் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் ஒன்றன்பின் ஒன்றாக ஆங்கிலேயர் வசமாயின.

பண்டாரவன்னியன் இச்சூழலில் தோன்றியவன். ஆளும் உரிமை பறிக்கப்பட்ட ஒரு தலைமைக் குலத்தின் வழித்தோன்றல் அவன். 1803 ஓகஸ்ட் 25ஆந் திகதி அவன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரின் படைநிலையைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கு பொறுப்பிலிருந்த வொன் டிறிபேர்க் தன் படையினருடன் கடல் வழியாக யாழ்ப்பாணத்திற்குப் பின்வாங்க நேர்ந்தது. சில வாரங்களுக்கு வன்னியின் பெரும் பகுதி பண்டாரவன்னியன் வசம் இருந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய முத்திசைகளிலிருந்தும் ஆங்கிலேயர் படைப்பிரிவுகளை அனுப்பினர். 1803 ஒக்டோபர் 31ஆந் திகதி ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் அதே வொன் டிறிபேர்க்கின் படை அவனை எதிர்பாராத வேளையில் தாக்கி முறியடித்தது.

இச்சம்பவங்களைத் தனித்து நோக்குதல் தவறாகும். 1803 என்பது முதலாவது கண்டிப் போர் நிகழ்ந்த ஆண்டு. தேசாதிபதி நோர்த் அனுப்பிய படை அவ்வாண்டின் தொடக்கத்திற் கண்டி நகரைக் கைப்பற்றியது. ஆயினும் ஜூன் 24ஆந் திகதி மேஜர் டேவி சரணடைய, ஆங்கிலேயப் படை அங்கு அழிந்தது. அதன் பின்னர் கண்டிப் படைகள் கரையோர நிலைகள் பலவற்றைத் தாக்கின. செப்டெம்பர் ஆரம்பத்தில் ஹங்வெல்லையிலும் போர் நிகழ்ந்தது. முல்லைத்தீவுத் தாக்குதல் இவ்வலையின் ஓர் அலையே. பண்டாரவன்னியன் கண்டி அரசின் தொடர்போடு செயற்பட்டவன். அவன் பெயரின் முற்பகுதியாகிய ‘பண்டார’ என்பதே கண்டி அரச வழக்கிலும் பயின்ற சொல் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வென்றவன் நாட்டிய கல்

பண்டாரவன்னியன் பற்றிய நினைவுச் சின்னங்களுள் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நாட்டப்பட்ட கல் தனி இடம் பெறுவது. அதில் உள்ளவை சில சொற்களே. இவ்விடத்திற்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்னும் செய்தியும், 1803 ஒக்டோபர் 31 என்னும் திகதியுமே அதிற் பொறிக்கப்பட்டன. திறனாய்வாளன் இச்சிறு வாசகத்தையும் ஓர் இலக்கியம் போலவே வாசித்தல் வேண்டும். அதன் எழுவாய் வென்றவன், செயப்படுபொருள் தோற்றவன். ஏன் போர் நிகழ்ந்தது என்பதற்கு அதில் இடமில்லை. இரு மாதங்களுக்கு முன்னர் அதே அதிகாரி முல்லைத்தீவைக் கைவிட்டுக் கடலேறினான் என்பதற்கும் இடமில்லை.

எனினும் இக்கல்லின் விதி விந்தையானது. தன் வீரனின் வெற்றியை அறிவிக்கவே ஆட்சியாளர் அதனை நாட்டினர். மக்களோ அதனைத் தம் வீரனின் நடுகல்லாக ஏற்றுக் கொண்டனர். மாலை சூட்டப்பட்டது தோற்கடித்தவன் பெயருக்கன்று, தோற்கடிக்கப்பட்டவன் பெயருக்கே. சங்க காலந் தொட்டு நடுகல் வழிபாட்டை அறிந்த ஒரு சமூகம் வேற்று மொழி வாசகத்தைத் தன் மரபின் இலக்கணத்திற்கு அமைய மாற்றி வாசித்தது எனலாம். எழுதியவனின் நோக்கத்தைப் படிப்பவன் தலைகீழாக்கிய இந்நிகழ்ச்சி, நூலின் பொருள் வாசகனாலும் ஆக்கப்படுகிறது என்னும் கொள்கைக்குச் சிறந்த சான்றாகும்.

கல்லைப் போன்றதே 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலும். அது ஒரு நிருவாகியின் நூல். குளங்கள், வரிகள், காய்ச்சல், குடித்தொகை, ஊர்ப் பெயர்கள் ஆகியவற்றோடு பண்டாரவன்னியனும் அதில் இடம்பெறுகிறான். ஆட்சிக்கு எதிராக எழுந்த கலகக்காரன் என்ற அளவிலேயே அவனைக் காணமுடியும். எனினும் இந்நூலின் தரவுகள் இன்றி எமது நாடகாசிரியரும் வரலாற்றாசிரியரும் அவனைப் பற்றி எழுதியிருத்தல் அரிது. வென்றவன் ஏட்டிலிருந்து தோற்றவன் காவியத்தைப் படைக்க வேண்டிய நிலை காலனித்துவ நாடுகள் யாவற்றிலும் காணப்படுவது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கல் ‘தோற்கடித்தான்’ என்கிறதேயன்றிக் ‘கொன்றான்’ என்று கூறவில்லை. பண்டாரவன்னியனின் மரணம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. கற்சிலைமடுவில் பட்ட காயத்தோடு பனங்காமத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே உயிர்நீத்தான் என்பர் ஒருசாரார். பின்னரும் சில ஆண்டுகள் உயிர்வாழ்ந்து போராடினான் என்பர் மற்றொரு சாரார். ஒக்டோபர் 31ஐ அவனது நினைவு நாளாகக் கொள்வது வென்றவன் குறித்த திகதியைத் தழுவுவதாகும். அண்மைக் காலத்தில் முல்லைத்தீவில் ஓகஸ்ட் 25ஐ வெற்றி நாளாகக் கொண்டாடும் வழக்கம் தோன்றியுள்ளது. நாட்காட்டியில் நிகழ்ந்த இம்மாற்றம் சிறிதாயினும் கல்லுக்கு எதிராக எழுப்பப்பட்ட ஒரு குரலாகும்.

மேடையும் நவீனமும்

பண்டாரவன்னியனை ஏட்டிலிருந்து மக்கள் நெஞ்சிற்குக் கொண்டு வந்தது நாடகமே. முல்லைமணி என்னும் புனைபெயரில் எழுதிய வே. சுப்பிரமணியத்தின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம் இவ்வகையில் முதன்மையானது. முள்ளியவளை மண்ணின் மைந்தராகிய அவர் தம் பிரதேச வரலாற்றைத் தமிழ் நாடகத்தின் பொருளாக்கினார். யாழ்ப்பாணத்தையே ஈழத்துத் தமிழ்ப் பண்பாட்டின் அளவுகோலாகக் கொண்ட சூழலில் வன்னிக்கும் ஒரு வரலாறு உண்டு என மேடையிற் காட்டியமை சாதாரண செயலன்று. தமிழகத்திலிருந்து கலைஞர் மு. கருணாநிதி எழுதிய ‘பாயும்புலி பண்டாரக வன்னியன்’ என்னும் வரலாற்று நவீனம் இக்கதையைக் கடல் கடந்த வாசகரிடம் சேர்த்தது.

இப்படைப்புக்களும் இவற்றை ஒட்டி எழுந்த பாடசாலை நாடகங்களும் வளர்த்த கதைமரபில் மூன்று கூறுகள் நிலையானவை. ஒன்று, வீரனாகிய மன்னன். இரண்டு, அவன்மீது காதல் கொண்ட குருவிச்சி நாச்சி. மூன்று, அவனைக் காட்டிக்கொடுத்த காக்கை வன்னியன். பண்டாரவன்னியனின் தங்கையை மணக்க விரும்பி மறுக்கப்பட்டமையால் காக்கை வன்னியன் பகை கொண்டு ஆங்கிலேயருக்கு வழிகாட்டினான் என்பது கதை.

இவ்வமைப்பு எமக்குப் புதியதன்று. 1799 ஒக்டோபர் 16ஆந் திகதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் கதையிலும் எட்டப்பன் உண்டு. 1959இல் வெளிவந்த கட்டபொம்மன் திரைப்படம் ஈழத்தின் பட்டி தொட்டியெங்கும் கொண்டிருந்த செல்வாக்கை மறுத்தல் இயலாது. அடுத்து வந்த ஆண்டுகளில் மேடையேறிய வரலாற்று நாடகங்களின் அடுக்கு மொழியும், அந்நிய அதிகாரியை நோக்கிய நீண்ட வீர வசனமும் அதன் சாயலைப் பெற்றன. பண்டாரவன்னியன் கட்டபொம்மனின் உடன்பிறவாத் தம்பியாக மேடையிற் காட்சியளித்தான். இதனால் அவன் புகழ் பெற்றான். ஆனால் வன்னிக்கே உரிய அடையாளங்கள் சில மங்கின. ஓலை வேய்ந்த மண்வீடும், குளக்கட்டும், யானைப் பந்தியும் மறைந்து, தர்பார் மண்டபமும் செங்கோலும் அங்கே வந்து சேர்ந்தன.

காக்கை வன்னியன் என்னும் பெயர்

காக்கை வன்னியன் பாத்திரத்தைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். இப்பெயரைத் தமிழிலக்கியம் இதற்கு முன்னரும் அறியும். ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையில் சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவன் பெயரும் காக்கை வன்னியனே. யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். பண்டாரவன்னியன் வீழ்ந்தது 1803இல். ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளியில் இரு வேறு நிலப்பகுதிகளில், இரு வேறு அந்நியருக்குக் காட்டிக்கொடுத்த இருவருக்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயலாகலாம். ஆயினும் திறனாய்வு நோக்கில் வேறொரு விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது. ‘காக்கை வன்னியன்’ என்பது ஒரு மனிதனின் பெயர் என்பதினும் ஒரு பாத்திர வகையின் பெயர். ஓர் அரசு வீழ்ந்த கதையைச் சொல்ல முற்படும்போதெல்லாம் மரபு தன் பெட்டியிலிருந்து எடுத்து அணிவிக்கும் வேடம் அது. காகம் என்னும் அபசகுனப் பறவையின் பெயர் அதற்கு அடையாக அமைந்ததும் கருதத்தக்கது.

இவ்வேடத்திற்கு ஏன் தேவை ஏற்பட்டது? தோல்வியைத் தாங்கிக்கொள்ள என்பதே விடை. எம் வீரன் வலிமை குன்றித் தோற்கவில்லை, வஞ்சனையால் தோற்றான் எனின் துயரம் ஓரளவு தணிகிறது. உளவியல் நோக்கில் இது விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால் இவ்வாறுதலுக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. தோல்விக்குரிய உண்மைக் காரணங்களை ஆராயும் கடமையிலிருந்து துரோகி என்னும் பாத்திரம் எம்மை விடுவித்து விடுகிறது.

1803இன் காரணங்கள் யாவை? கடல் ஆங்கிலேயரிடம் இருந்தது. முல்லைத்தீவில் தோற்றவன் மீண்டும் படை கொண்டு வருதற்குக் கடல் வழியே உதவிற்று. முத்துறைகளிலிருந்து ஒரே காலத்திற் படை நகர்த்தும் வலிமை அவர்களுக்கு இருந்தது. வன்னிமை அமைப்போ இருபதாண்டுகளுக்கு முன்னரே ஒல்லாந்தரால் குலைக்கப்பட்டிருந்தது. திறை, ஊழியம், படைத்திரட்டல் ஆகியவற்றின் பழைய கட்டுக்கோப்பு தளர்ந்த பின்னர் எழுந்த தலைவன் அவன். ஹங்வெல்லையில் கண்டிப் படை பின்னடைந்ததோடு பெரும் போரின் வேகமும் தணிந்தது. இக்காரணங்கள் யாவும் இருக்க, ஒருவன் வழிகாட்டினான் என்பதை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் வீழ்ச்சியை விளக்குதல் வரலாறாகாது. வழிகாட்டி ஒருவன் இருந்திருக்கவுங் கூடும். அவன் இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதற்கு மேற்கூறிய நிலைமைகள் இடந்தரவில்லை.

இங்கு பிரதேச நோக்கில் ஒன்று கூறுதல் வேண்டும். கதைமரபு காக்கை வன்னியனைக் கரிக்கட்டுமூலையோடு இணைத்துப் பேசும். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், குமுளமுனை முதலிய ஊர்களைக் கொண்ட கரையோரமே பழைய பற்றுப் பிரிவில் அப்பெயர் பெற்றது. கொக்கிளாயைச் சேர்ந்த மாணவரொருவர் இந்நாடகத்தைப் பார்க்கும்போது வீரன் பிறந்த மண் வேறிடத்திலும் துரோகி ஆண்ட மண் தம் காலடியிலும் இருக்கக் காண்கிறார். இக்கட்டுரையாளரும் அவ்வூரைச் சேர்ந்தவரே. இது ஊர்ப்பற்றால் எழுந்த முறையீடு அன்று. ஒரு பாத்திரத்தின் பழி எவ்வாறு ஒரு நிலத்தின் மீது படிகிறது என்பதைக் காட்டவே இது கூறப்பட்டது. கரையோரமாகத் திருகோணமலைத் திசையிலிருந்து முல்லைத்தீவை நோக்கி வரும் எவரும் கொக்கிளாய்க் களப்பின் வாயையும் நாயாற்றின் வாயையும் கடந்தே வருதல் வேண்டும். எல்லையில் வாழும் மக்கள் இரு தரப்பினராலும் ஐயுறப்படுவர். படை வந்தால் முதலில் வழி கேட்கப்படுவோரும் அவர்களே; படை போன பின்னர் வழி சொன்னதாகக் குற்றஞ்சாட்டப்படுவோரும் அவர்களே.

நாட்டார் வழக்கின் வேறு குரல்

அதே கரையோரம் வேறொரு கதையையும் பேணி வைத்துள்ளது. குமுளமுனையோடு இணைத்துப் பேசப்படும் அரியாத்தை என்னும் பெண், யானையை அடக்கிக் கட்டியவள். வேலப்பணிக்கன் மனைவியாகிய அவள்மீது எழுந்த ஒப்பாரி வன்னி நாட்டார் இலக்கியத்தில் பேர்பெற்றது. யானைத் திறையே வன்னியின் அரசியலை நிருணயித்தது என முன்னர்க் கண்டோம். அத்திறையின் பின்னால் உயிரைப் பணயம் வைத்தவர்கள் பணிக்கரும் அவர்தம் குடும்பத்தினருமே. நாட்டார் கலை அவர்களுள் ஒருத்தியைப் பெயர் சொல்லி அழுதது. ஆசிரியர் பெயரோடு எழுந்த வரலாற்று நாடகமோ மன்னனையும் நாச்சியையும் துரோகியையும் கண்டது. பணிக்கனையும் உழவனையும் மீனவனையும் ‘வீரர்கள்’ என்ற பொதுப் பெயரால் மேடையின் பின்புறத்தே நிறுத்தியது.

முல்லைத்தீவைத் தாக்கியோர் யார்? கற்சிலைமடுவில் விழுந்தவர் யார்? அவர்களுள் ஒருவரின் பெயரேனும் எமது நாடகங்களில் இல்லை. தனிமனித வழிபாடு தலைவரை உயர்த்துவதாகத் தோன்றினும் உண்மையில் அவரைத் தனிமைப்படுத்துகிறது. மக்கள் இன்றி எழும் வீரன் அட்டைக் கத்தி ஏந்தியவனாகவே எஞ்சுவான்.

இன்றைய பொருத்தம்

இவ்வினாக்கள் பழங்கதை பற்றியன மட்டுமல்ல. கொக்கிளாய் மக்கள் 1984 டிசெம்பரில் இடம்பெயர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல் தம் மண்ணைக் காணாதிருந்தனர். போர் 2009இல் முடிவுற்ற பின்னரே அவர்கள் மீளக் குடியேறினர். அயலூராகிய கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் மனிதப் புதைகுழியொன்று வெளிப்பட்டது. பெயர் அறியப்படாத எலும்புகளின் அருகே வாழ்கின்ற ஒரு சமூகத்திற்கு நினைவுகூரல் என்பது விழா அன்று. அது நாளாந்தக் கடமை. இத்தகைய சமூகத்தில் ‘தோல்விக்குக் காரணம் யார்?’ என்னும் வினா எழுதல் இயல்பு. அவ்வினாவிற்கு நாடகம் கற்பித்த விடை காக்கை வன்னியன். அயலவனையும் உறவினனையும் அவ்வேடத்திற்குள் தள்ளிவிட்டுத் தேடல் முடிந்ததாகக் கருதும் போக்கிற்கு எமது கதைமரபும் ஒரு பங்கு பொறுப்பேற்றல் வேண்டும்.

துரோகி, வீரன் என்னும் சொற்கள் நிலையானவை அல்ல என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று. 1818இன் ஊவாக் கிளர்ச்சியில் ஈடுபட்ட கெப்பெட்டிப்பொல முதலியோரை ஆங்கிலேய அரசு துரோகிகள் என வர்த்தமானியில் அறிவித்தது. அவ்வறிவித்தல் 2016இல் நீக்கப்பட்டு அவர்கள் தேசிய வீரர்கள் எனப் போற்றப்பட்டனர். அதிகாரம் கையில் உள்ளவன் இடும் பெயரே துரோகம். அப்பெயரை மாற்ற இருநூறு ஆண்டுகள் ஆயின.

இனி வரும் படைப்பாளிக்குத் திறனாய்வு சில வழிகளைச் சுட்டலாம். பண்டாரவன்னியனை 1803இன் முழுச் சூழலில், கண்டியோடும் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சிதைவோடும் இணைத்துக் காணும் நாடகம் ஒன்று தேவை. கோவலன் கூத்தை இன்றும் பேணிவரும் முல்லைத்தீவின் ஆட்டமும் பாட்டும் அதன் மொழியாகலாம். கண்ணகி கதையை விடிய விடிய ஆடும் மக்கள், மன்னன் பிழைபட்டதையும் மேடையில் கூற அஞ்சாதவர்கள். வஞ்சகன் ஒருவனைக் கொண்டு மட்டும் முடிவை விளக்காது, ஊழையும் அரசியலையும் மனிதப் பிழையையும் ஒருங்கே நோக்கும் முதிர்ச்சி அக்கூத்து மரபில் உண்டு. அதனைக் கைவிட்டுத் திரைப்பட வசனத்தை நாடியதே எமது வரலாற்று நாடகத்தின் பெருங்குறை எனலாம்.

பண்டாரவன்னியன் எமக்கு விட்டுச்சென்ற மரபு எது? வாள் மட்டுமன்று. ஆளும் உரிமை பறிக்கப்பட்ட பின்னரும், தன்னினும் வலிய அரசு ஒன்றின் முன்னே, காலமும் சூழலும் அறிந்து வேற்று மொழி பேசிய அயலாரோடும் கூடி எழுந்த துணிவே அம்மரபு. அத்துணிவு போற்றத்தக்கது. அது ஏன் தோற்றது என அஞ்சாது ஆராயும் அறிவும் அதற்கு ஈடான மரியாதையே ஆகும். கற்சிலைமடுக் கல் எமக்கு ஒரு திகதியைத் தந்தது. நாடகம் ஒரு முகத்தைத் தந்தது. அம்முகத்தின் பின்னால் நின்ற மக்களின் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. அதனை எழுதும் பொறுப்பு பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கும் உரியது.